அர்த்தனாரியின் பங்கு

குடியின் ஏக்கத்தை ஒழிக்க முடியாது, பங்கு போடத்தான் முடியும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தபோது நான் வட்ட வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் அட்டைகளில் பெயர் சேர்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறே மாதத்தில் தாலுகா அரசு மருத்துவமனையின் பதினான்காம் அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஆடுகிற மின்விசிறியோடு என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். வாசலில் 'ஏக்கப் பங்கீட்டுப் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள். வாசித்துவிட்டு இது காதல் சமாசாரமா என்று கேட்டவர்களும் உண்டு.

எனக்கு மருத்துவம் தெரியாது. தலைவலி வந்தால் தைலம் தேய்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது இந்தத் தாலுகாவில் என் அளவுக்கு யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருடச் சர்வீஸ். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவள் என்று அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். தலையணை என்பது மிகை. கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பேன்.

நான் சொல்ல வந்தது அம்மாசையைப் பற்றி. பிரிவு திறந்த இரண்டாவது வாரம், முதல் டோக்கன் அவருடையது. நாற்பது வயதைத் தாண்டிய ஆள், நூல் குடோனில் லோடு இறக்குபவர். அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அட்டையில எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"என்ற பேரு மட்டுந்தானுங்க மேடம். அம்மா இருந்துச்சுங்க. செத்த மூணாம் நாளே நானே வந்து பேரை எடுத்துப்போட்டனுங்க."

"அப்ப ஒத்தைப் பேர் அட்டை. உங்க ஏக்கத்தைப் பங்கு போட்டுக்க அட்டையில ஆள் வேணும். நூறை ஒண்ணால வகுத்தா நூறுதான் வரும். உங்களைச் சேர்க்க முடியாது."

"அப்படிங்களா" என்றார். கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. அட்டையை உறையில் போட்டுக்கொண்டு, வழியை அடைக்காமல் ஓரமாக வெளியே போனார்.

ஒற்றைப் பெயர் அட்டைக்காரர்களிடம் என் குரல் கொஞ்சம் கறாராகிவிடும். காரணம் உண்டு. என் தம்பியின் குடியைத் தாங்க முடியாமல் அவன் பெயரை எங்கள் அட்டையிலிருந்து நீக்கித் தனி அட்டை போட்டுக் கொடுத்தது நான்தான். படிவத்தில் ஒரு பிழை கிடையாது. அந்த அட்டையில் அவன் பதினான்கு மாதம் அரிசி வாங்கினான். பிறகு வாங்கவில்லை.

இரண்டாவது டோக்கன் ஒரு குடும்பம். விசைத்தறி ஓட்டும் லோகநாதன், அவர் மனைவி சுகந்தி, தாயார் பாவாயி. லோகநாதனின் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. சுகந்திதான் குடும்பத் தலைவி என்று அட்டையில் இருந்தது, பார்த்தாலே தெரிந்தது. டாக்டர் ஹசீனா வந்து உட்கார்ந்து திட்டத்தை விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் சுகந்தி குறுக்கிட்டாள்.

"குடிச்சது இவரு. ஏங்கறது மட்டும் நாங்களா?"

"நியாயமான கேள்விதான்மா" என்றார் டாக்டர். "முதல்ல நாங்க ஏக்கத்தைச் சுத்தமா அணைச்சுத்தான் பார்த்தோம். நாற்பது பேருக்கு அணைச்சோம். ஒருத்தரும் குடிக்கல. ஆனா ஒருத்தரும் சாப்பிடவும் இல்ல. சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போகணும்னு கூடத் தோணல, சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போக வேண்டியிருந்தது. பசி, வீட்டு நினைப்பு, பிள்ளை மேல ஆசை, குவாட்டர் எல்லாம் மூளையில ஒரே பாதையிலதான் வருது. அடைச்சா எல்லாத்தையும் அடைக்கணும். அடைக்காம அடுத்தவங்க தலைக்குக் கொஞ்சம் திருப்பிவிட முடியும்."

"திருப்பிவிட்டா?"

"நூறு பங்கும் ஒருத்தருக்கே வந்தா எந்த மனுஷனும் தாங்க மாட்டான். இருபத்தஞ்சு வந்தா டீக்கு ஏங்குற மாதிரிதான். யாரும் அதுக்குத் தீனி போடலன்னா ஒரு வருஷத்துல காஞ்சுபோயிடும். இடையில ஒருத்தர் ஒரு மடக்குக் குடிச்சாலும் எல்லாருக்கும் முதல்ல இருந்து தொடங்கும்."

"அதுக்கு எதுக்குங்க ரேஷன் கார்டு?" என்று பாவாயி கேட்டார்.

அது என் இலாகா. "ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க யார் யாருன்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச ஒரே காகிதம் அதுதான்" என்றேன்.

டாக்டர் லோகநாதன் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை பழையபடி குடிச்சீங்கன்னா ஈரல் தாங்காது. பிழைக்க மாட்டீங்க. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது" என்றார். லோகநாதன் தலையை ஆட்டினார். பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அட்டையில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் நான்கு பேர். மகள் பத்தாம் வகுப்பு, அவளுக்கு விலக்கு. நான்காவது பெயர் அர்த்தனாரி, வயது எழுபத்து மூன்று, உறவுமுறை என்ற இடத்தில் மாமனார்.

"மாமனார் எங்கே?" என்றேன்.

மூவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு பாவாயி சொன்னார்: "படுத்த படுக்கைங்க."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சுங்க, நாலு வருசம்."

எழுபது வயதைக் கடந்த, நடமாட முடியாதவர்களுக்குப் பொட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம் என்று விதி இருக்கிறது. பொட்டு என்பது மக்கள் வைத்த பெயர். காதுக்குப் பின்னால் ஒட்டும் கறுப்பு வில்லை, சாந்துப் பொட்டு அளவுதான் இருக்கும். ஏக்கம் அதன் வழியாகத்தான் வரும், போகும். கழற்றினால் அந்தப் பங்கு அன்றைக்கே நோயாளிக்குத் திரும்பிவிடும். மூன்று பேருக்கு டாக்டர் ஒட்டினார். நான்காவதை நான் காகித உறையில் போட்டு லோகநாதன் கையில் கொடுத்தேன். பங்கு வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அரசாணைப்படி 'சுமைதாரர்' என்று பெயர். பாவாயியிடம் அர்த்தனாரிக்காகக் கைரேகை வாங்கிக்கொண்டு மூன்றாவது டோக்கனைக் கூப்பிட்டேன்.

மறுமாதம் அளவீட்டுக்கு வந்தபோது சுகந்தி ஆளே மாறியிருந்தாள்.

"நாலரை மணி ஆனாப் போதுமுங்க மேடம். இவரு ஷிப்ட் முடிஞ்சு வர நேரம் பாருங்க, அப்பத்தான். தொண்டைக்குள்ள யாரோ நின்னுக்கிட்டுக் கூப்புடற மாதிரி இருக்குது. சப்பாத்தி மாவைப் பிசைஞ்சுக்கிட்டே அழுதுட்டேன். எனக்கு அந்த நாத்தமே ஆகாது. ஆனா நேத்து இவரோட பழைய சட்டைய எடுத்து மோந்து பார்த்தேன்."

"கழற்றினீங்களா?"

"ரெண்டு மணி நேரம் கழட்டிட்டேனுங்க. இவரு கை நடுங்கிச்சு. மறுக்கா ஒட்டிக்கிட்டேன்." பொட்டைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "கால்வாசிக்கே இப்படின்னா, இந்த மனுசன் முழுசையும் வெச்சுக்கிட்டா பதினாறு வருசம் தறி ஓட்டுனாரு?"

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபமா இரக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

பாவாயி வெற்றிலையை இரட்டிப்பாக்கினார், தெருவில் நாலரை மணிக்கு மேல் யாரிடமாவது சண்டை பிடித்தார். கோயில் விசேஷத்துக்கு மூன்று நாள் கழற்றியும் வைத்தார். சுமைதாரர்கள் எல்லோருமே இப்படித்தான். கல்யாணத்துக்குக் கழற்றுவார்கள், காய்ச்சலுக்குக் கழற்றுவார்கள், மாமியாரோடு சண்டை வந்தால் முதலில் கழற்றுவார்கள். எல்லாம் கணினியில் பதிவாகும். எப்படியோ தட்டுத்தடுமாறி ஒன்பதாம் மாதத்தில் லோகநாதனின் நூறு நாற்பதாகக் காய்ந்திருந்தது. கண்ணில் மஞ்சள் போயிருந்தது. மகளுக்குச் சைக்கிள் செயினைத் தானே மாட்டிக் கொடுத்தாராம். சுகந்தி அதை ஏதோ பட்டமளிப்பு விழா மாதிரி என்னிடம் சொன்னாள்.

அந்த மாதம்தான் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. மூத்த குடிமக்கள் பிரிவில் மாவட்டத்தின் சிறந்த சுமைதாரர் எங்கள் தாலுகாவைச் சேர்ந்த திரு. அர்த்தனாரி. இருநூற்று எழுபது நாளில் ஒரு நிமிடம்கூடப் பொட்டைக் கழற்றாதவர். சுதந்திர தினத்தன்று கலெக்டர் பொன்னாடை போர்த்துவார். அழைப்பை நேரில் சேர்க்கவும்.

டாக்டர் ஹசீனா அவருடைய அளவீட்டைத் திரையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழிலக்கா, இந்தப் பெரியவருக்கு நாம அனுப்புறது இப்பப் பத்துப் பங்கு. இவர் தலையில ஓடுறது நூத்துக்குப் பக்கம்."

"மெஷின் கோளாறா?"

"இல்ல. இவருக்குச் சொந்தமாவே ஒரு ஏக்கம் இருக்கு. பழைய, முத்தின ஏக்கம். தனியாத் தாங்குறவங்களுக்கு அது லேசுல காயாது. அதுக்கு மேலதான் மகனோடதையும் வாங்கி வெச்சிருக்கார். எழுபத்து நாலு வயசு, படுத்த படுக்கை, இந்த வேகத்துல நாடித்துடிப்பு. படுத்துக்கிட்டு மூட்டை தூக்குறாரான்னு தெரியல."

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அன்று மூன்று மணிக்கு நானே கிளம்பினேன்.

லோகநாதனின் வீடு தறிக்கூடத்தை ஒட்டி இருந்தது. கூடத்தில் உட்கார வைத்துச் சுகந்தி மோர் கொண்டுவந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பெரியவரின் படம், பிளாஸ்டிக் மாலை, அணையாத சிறு பல்பு. படத்தின் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். மறைவுத் தேதிக்கு நான்கு வருடம் கழித்து நான் அவருக்குப் பொட்டு வழங்கியிருந்தேன்.

மோரைக் குடித்து முடித்தேன். பிறகு அழைப்பிதழை உரக்க வாசித்தேன். கலெக்டர், பொன்னாடை, எல்லாவற்றையும்.

பாவாயி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அரிசி கொறையுமேன்னு பேரை எடுக்காம உட்டுட்டமுங்க. எல்லா வூட்லயும் இருக்கறதுதானுங்க. வெவரம் தெரியாமப் பண்ணிப்போட்டம்."

"அரிசியை அப்புறம் பேசலாம். பொட்டு யார்கிட்ட இருக்கு?"

"அத்தைதான் ரெண்டையும் ஒட்டியிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள் சுகந்தி. "நானே கேட்கலை. பாவம், பெத்தவங்கன்னு."

"நானா? நீதான் ஒட்டியிருக்கறேன்னு நானில்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் பாவாயி. "இவ இத்தன நல்லவளான்னு ஒம்பது மாசமா வாயைத் தொறக்காம இருந்தேன்."

இருவரும் கூந்தலை ஒதுக்கிக் காட்டினார்கள். ஆளுக்கு ஒன்றுதான். அப்போது லோகநாதன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். என்னையும் அழைப்பிதழையும் படத்தையும் வரிசையாகப் பார்த்தார். கேட்காமலேயே காதை மடக்கிக் காட்டினார். அங்கேயும் ஒன்றுதான்.

"அம்மாசைகிட்ட இருக்குதுங்க" என்றார்.

சுகந்தி வெடித்தாள். "அந்தக் குடிகாரன்கிட்டயா? உங்களைக் கெடுத்ததே அவன்தான! தெனமும் ரெண்டு பேரும் ஒரு குவாட்டரை வாங்கி ஆளுக்குப் பாதின்னு கட்டிங் போட்டுத்தான என்ற வாழ்க்கையே நாசமாப் போச்சு! அவன் மூஞ்சியிலயே முழிக்காதீங்கன்னு சொன்னனா இல்லியா?"

"அவன் குடிச்சு ஒம்பது மாசம் ஆச்சு" என்றார் லோகநாதன். என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு ரெண்டு பேருஞ் சொல்லி வெச்சுக்கிட்டுத்தான் வந்தமுங்க மேடம். அவனை ஒத்தைப் பேருன்னு திருப்பி அனுப்பிச்சுட்டீங்க. இவங்களை முன்னால அனுப்பிட்டு வந்தா, வாசல்ல நின்னுட்டிருந்தான். என்ற பாக்கெட்டுல அப்பனோட பொட்டு. ஒட்டறதுக்கு அப்பன் இல்லை. சும்மா வெச்சிருந்தா எனக்கே திரும்பிரும், இவளுக்கோ அம்மாவுக்கோ ரெண்டாவதா ஒட்டுனா எப்படித் தாங்குவாங்கன்னு பொலம்புனேன். கட்டிங்குன்னு நெனச்சுக்கறேன், குடுரான்னு அவனே வாங்கி ஒட்டிக்கிட்டான்."

மணி நாலரை ஆகியிருந்தது. மூவரின் முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரே இறுக்கம் வந்து போனதைப் பார்த்தேன்.

விதி எனக்கு மனப்பாடம். இறந்தவர் பெயரில் பங்கு ஓடினால் சிகிச்சை அன்றே ரத்து. ஓடிய பங்குகள் அனைத்தும் ஒரே நாளில் நோயாளிக்குத் திரும்பும். அட்டையில் இல்லாதவரிடம் உள்ள பொட்டு பறிமுதல். லோகநாதனின் ஈரலைப் பற்றி அந்த விதியில் ஒன்றும் இல்லை.

நூல் குடோனுக்குப் போனேன். அம்மாசை லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பொட்டைக் கேட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. காதைக் கையால் மூடிக்கொண்டார்.

"நாலரைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மூட்டை இருந்தா மூட்டை தூக்குவனுங்க. இல்லாட்டி எறக்குன மூட்டையவே மறுக்கா ஏத்தி எறக்குவனுங்க. ஓனரு பைத்தியக்காரன்னு திட்டுவாரு."

"உங்களோடது முழுசா இருக்கே. அதுக்கு மேல அவருடையதும் எதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானுங்க இருக்குது. எது என்றது, எது அவன்றதுன்னு எனக்கே தெரியறதில்லை." கொஞ்சம் யோசித்தார். "பதினாறு வருசம் ஒரு பாட்டில ரெண்டாப் பங்கு போட்டமுங்க. அவன்தான் ஊத்துவான். எனக்கு ஒரு சொட்டுக் கொறைச்சு ஊத்துனதில்லை. இப்ப மட்டும் என்ற பங்கை வேண்டாமுங்கறதா?"

"ஒரு நாள்கூடக் கழற்றணும்னு தோணலையா?"

"தோணாம இருக்குமுங்களா? கழட்டுனா அவனுக்குல்ல போயிரும்."

"அவங்க வீட்டுக்கு எப்பவாவது போயிருக்கீங்களா?"

"வாசல் வரைக்கும் போவனுங்க."

"உள்ளே?"

"போனதில்லீங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தாலுகாவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் அதைக் கேட்க வேண்டியதில்லை.

பொட்டைப் பறிமுதல் செய்யாமல் திரும்பினேன். சர்வீஸில் நான் செய்த முதல் விதிமீறல் அது. வெள்ளிக்கிழமைக்குள் மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டு நாள் அந்தப் படிவத்தைத் திறந்து திறந்து மூடினேன். என் தம்பிக்கு இப்படி ஒரு கூட்டாளி இருந்தானா என்று யோசித்தேன். இருந்திருக்கலாம். நாங்கள் யாரும் அவனை வாசல் வரைக்கும்கூட வரவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, டோக்கன் கொடுக்கும் முன்பே சுகந்தி வந்தாள். மேசையில் இரண்டு காகிதங்களை வைத்தாள். ஒன்று மாமனாரின் இறப்புச் சான்றிதழ். இன்னொன்று அம்மாசையின் அட்டை.

"ஒரே அடுப்புல சாப்பிடறவங்க யாருன்னு பார்க்கறதுக்குத்தான் கார்டுன்னு நீங்கதான சொன்னீங்க மேடம்?"

"ஆமாம்."

"முந்தாநாள்ல இருந்து அவரு எங்க அடுப்புலதான் சாப்பிடறாரு."

"வாசல்லயா?"

சுகந்தியின் முகம் சிவந்தது. "உள்ளாறதான். மொதல் நாள் வாசல்லதான் உக்காந்தாரு. அத்தைதான் தட்டைத் தூக்கிட்டுப் போயி உள்ளாற வெச்சுட்டு, சோறு இங்க இருக்குது, வந்து தின்னுன்னுச்சு. அத்தைக்கே அது எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. பேசட்டும்." சான்றிதழை என் பக்கம் தள்ளினாள். "மாமனாரை எடுத்துட்டு அவரைச் சேர்த்துடுங்க."

"முடியாதும்மா. மாமனாரை நீக்கினா இறந்த தேதியைக் கணினி கேட்கும். கேட்ட உடனே சிகிச்சை ரத்து. இவரைப் புதுசாச் சேர்த்தா தொண்ணூறு நாள் காத்திருக்கணும். அதுவரைக்கும் பொட்டு பறிமுதல்."

"அப்ப என்ற வூட்டுக்காரரு?"

அவள் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் இறப்புச் சான்றிதழின் மேல் விழுந்தது. நான் அதைத் துடைத்துவிட்டு, மடித்து, அவள் பையிலேயே திரும்ப வைத்தேன்.

"இதை நான் பார்க்கலை" என்றேன். "உங்க அட்டையில ஏதாவது பிழை இருக்கா?"

"பிழைங்களா?"

"பெயர் தப்பா இருக்கலாம். வயசு தப்பா இருக்கலாம். படம் மாறியிருக்கலாம்."

எங்கள் துறையில் ஆணைப் பெண்ணாகவும், ஏழு வயதை எழுபதாகவும், ஆளின் படம் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையார் படத்தையும் அச்சடித்திருக்கிறோம். ஆகவே திருத்தப் படிவத்துக்குக் காத்திருப்பு கிடையாது, விசாரணை கிடையாது. பிழை எப்படி வந்தது என்று துறை ஒருநாளும் கேட்காது. கேட்டால் செய்தது யார் என்று சொல்ல வேண்டிவரும்.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்: "இருக்குதுங்க மேடம். நாலாவது பேரு தப்பு."

பெயர்: அர்த்தனாரி என்பதை அம்மாசை என்று திருத்துக. வயது: எழுபத்து நான்கை நாற்பத்து மூன்று என்று திருத்துக. படம் புதிது. அவருடைய ஒற்றை அட்டையை ரத்து செய்தேன். என் கையெழுத்தைப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தினேன். ஓய்வூதியம் கண் முன்னால் ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போனது.

"உறவுமுறை?" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சுகந்தி கேட்டாள்.

"அதை மட்டும் இங்கே திருத்த முடியாது. தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே போனா கேள்வி வரும். மாமனாருன்னே இருக்கட்டும்."

"என்ற வூட்டுக்காரரை விட ரெண்டு வயசு கம்மிங்க அவருக்கு."

"இருக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இன்னொண்ணு கேட்கணும் மேடம். அவரு பேரு இப்ப எங்க கார்டுல இருக்குதில்ல. அப்ப அவரோடதையும் பங்கு போடலாமுல்ல?"

போடலாம். அட்டையில் இப்போது நான்கு பேர். ஆனால் லோகநாதனுடையதே இன்னும் ஆளுக்குப் பத்து இருக்கிறது. அதன் மேல் அம்மாசையினுடையதும் ஆளுக்கு இருபத்தைந்து ஏறும். இன்னும் ஒரு வருடம், தினமும் நாலரை மணி. இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

"தெரியுமுங்க" என்றாள். "எங்கே கையெழுத்துப் போடணும்?"

மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பினேன். சுமைதாரரின் வயது நாற்பத்து மூன்று என்று திருத்தப்பட்டுள்ளதால் மூத்த குடிமக்கள் பிரிவு விருதுக்கு அவர் தகுதியற்றவராகிறார். அன்று மாலையே விருதை வாபஸ் வாங்கிக் கடிதம் வந்தது. பொன்னாடை பக்கத்துத் தாலுகாவுக்குப் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை மதியம் நான்கு பேரும் பதினான்காம் அறைக்கு வந்தார்கள். முதல் நாள் பங்கீட்டை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். பெஞ்சில் லோகநாதன், பாவாயி, சுகந்தி உட்கார்ந்தார்கள். அம்மாசை சுவரோரம் நின்றார். "நிக்காத சாமி, உக்காரு" என்று பாவாயி அதட்டியதும் பெஞ்சின் முனையில், விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார். டாக்டர் பொட்டுகளைச் சரிபார்த்தார். நான் கணினியில் அம்மாசையின் நூறை நான்கால் வகுத்தேன். கோப்பை மூடும் முன் மறுபடியும் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன்.

நாலரை அடித்தது.

லோகநாதன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். பாவாயி தனக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தார். அம்மாசை வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் முகத்தில் குழப்பம் வந்தது.

"மேடம், மிசினு கெட்டுப்போச்சுங்களா? கொஞ்சந்தான் வருதுங்க."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "மீதி உங்க பக்கத்துல இருக்கு."

அவர் குனிந்து பெஞ்சைப் பார்த்தார். சுகந்தி கண்ணை இறுக மூடியிருந்தாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மடியில் இரண்டு கைகளையும் கோத்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அம்மாசை பதறி எழுந்தார். "கழட்டிருங்க அம்மிணி. எனக்கு இது பழக்கந்தானுங்க. எனக்கே திருப்பி அனுப்பிச்சிருங்க."

சுகந்தி கண்ணைத் திறக்கவில்லை.

"சித்த நேரம் சும்மா உக்காருங்க மாமா" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று அம்மாசை பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.